இளைப்பாறியோர் இளைப்பாறலாமோ?

(ஒரு பழைய மாணவன்)

நமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று அனுப்புமாறு மலர்க்குழுவினர் எழுதிய கடிதத்தின் மேலுறையில், எனது பெயருக்குக் கீழே 'இளைப்பாறிய ஆசிரியர்' என்று பொறிக்கப்பட்டிருந்தது. உத்தியோகத்தினின்றும் விலகியவரைத் தமிழகத்தார் 'ஓய்வு பெற்றவர்' என்பர். ஈழத்தவராகிய நாமோ 'இளைப்பாறியவர்' என்கின்றோம். இச்சொல்லைப் பல்லாண்டுகளாகக் கேட்டும் எழுதியும் வந்த யான், அதன் பொருளை அன்றுதான் சற்று நின்று எண்ணினேன். வழிநடப்போன் ஒருவன் மரநிழலில் இளைப்பாறுகின்றான் என்றால், அங்கேயே தங்கிவிட்டான் என்பது கருத்தன்று. இளைப்பு ஆறியபின் எழுந்து மேலும் நடப்பான் என்பதே கருத்து.

ஆயின், நம்மவருள் இளைப்பாறியோர் பலர் எழுந்து நடப்பதாகக் காணோம். விறாந்தையில் இட்ட சாய்மனைக் கதிரையே அவர்க்கு உலகமாகிவிடுகின்றது. காலையில் பத்திரிகை, மாலையில் தொலைக்காட்சி, ஞாயிறுதோறும் கைத்தொலைபேசியின் சிறு கண்ணாடியில், ரொறன்ரோவிலோ இலண்டனிலோ வளரும் பேரப்பிள்ளையின் முகம். அப்பிள்ளை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை விடுமுறையில் வந்து இறங்கினால், அதன் பெற்றார் அதனை விடுதிகளுக்கும் பெருங்கடைகளுக்கும் அழைத்துச் செல்கின்றனர். பாட்டனும் பாட்டியும் வீட்டைக் காத்துச் சமைத்து வைத்துப் பார்த்திருக்கின்றனர். மூன்று கிழமைகள் கழிகின்றன. விமான நிலையத்தில் ஒரு முத்தம். அவ்வளவே.

இவ்வாறிருத்தல் தகாது என்பது என் துணிபு. முதிய தம்பதியர் தம் பேரப்பிள்ளைகளைக் கைப்பிடித்து மலைக்கும் காட்டுக்கும் ஆற்றங்கரைக்கும் அழைத்துச் செல்லுதல் பொழுதுபோக்கன்று, கடமையே. இதனை அறிவுரையாக மாத்திரம் கூறேன். கண்டி நகரிற் கழித்த எமது வாழ்விலிருந்து சில செய்திகளைச் சான்றாக வைத்துக் கூற விரும்புகின்றேன்.

முதியோர் காடு செல்லுதல் நமக்குப் புதியதன்று. தலை நரைத்து, தோல் திரைந்து, மகனுக்கு மகன் பிறந்ததைக் கண்டபின் இல்வாழ்வான் காட்டை அடைதல் வேண்டும் என மனுநூல் விதிக்கின்றது. மனைவியை மக்களிடம் விட்டுச் செல்லலாம், உடனழைத்தும் செல்லலாம் என்றும் கூறுகின்றது. வானப்பிரஸ்தம் என நாம் சமயபாடத்திற் கற்றது இதுவே. தொல்காப்பியரோ கற்பியலில் வேறொரு நெறி காட்டுகின்றார். முதுமையிலே தலைவனும் தலைவியும் மக்களோடும் சுற்றத்தோடும் கூடிநின்று அறம் பயிலுதலே கடந்த வாழ்வின் பயன் என்பது அவர் கருத்து. ஒருவர் சுற்றத்தை விட்டுக் காட்டுக்குப் போகச் சொன்னார். மற்றவர் சுற்றத்தோடு வீட்டில் இருக்கச் சொன்னார். இரண்டையும் இணைத்துப் பேரரோடு காடு செல்க என்று கூறினால் பெரியோர் பொறுப்பாராக.

யான் யாழ்ப்பாணத்துச் சமவெளியிற் பிறந்தவன். பனைமரத்தினும் உயர்ந்ததொன்றைப் பத்தொன்பது வயதுவரை கண்டறியேன். 1966இல் பேராதனைப் பல்கலைக்கழகத்திற்குப் புறப்பட்டு, புகையிரதம் கடுகண்ணாவை மலைச்சரிவில் மூச்சிரைத்து ஏறியபோது சாளரத்தின் வழியே தலையை நீட்டி, கண்ணிற் கரி விழுந்தவனும் யானே. 1867இல் அமைந்த அப்பாதை, மலையைக் குடைந்தும் வளைந்தும் செல்வது. பல்கலைக்கழகத்தின் பின்னே ஏறக்குறைய 3,800 அடிவரை எழுந்து நிற்கும் ஹந்தானை மலையை நாள்தோறும் பார்த்தேன். நண்பரோடு பலமுறை ஏறினேன். பின்னர் கண்டியிலேயே ஆசிரியப் பணி கிடைத்தது. 1974இல் விவாகம் நிகழ்ந்தது. அதன்பின் மலை, சாளரத்துக்கு வெளியே தொங்கும் படமாகிவிட்டது.

எனக்கு இந்நிலை எனின், என் துணைவியாரின் நிலையைக் கூறவேண்டுவதில்லை. அவரும் ஆசிரியர். அதிகாலை நாலரை மணிக்கு எழுந்து, சமைத்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஆயத்தஞ் செய்து, தாமும் ஓடி, மாலையில் மீண்டு, இரவிற் பயிற்சிக் கொப்பிகள் திருத்துவார். இவ்வாறு 33 ஆண்டுகள். 2007இல் யாமிருவரும் சில மாத இடைவெளியில் இளைப்பாறினோம். இளைப்பாறிய அடுத்த கிழமை அவர் எம் வீட்டு வாயிலில் நின்று, தலதா மாளிகைக்குப் பின்னே தெரியும் பசுங்காட்டைக் காட்டி, "இத்தனை வருசம் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தம், உள்ளுக்கை என்ன இருக்குது எண்டு ஒருநாளும் போய்ப் பார்க்கேல்லையே" என்றார். அச்சொல் என்னைச் சுட்டது. அக்காட்டினுள் மாணவப் பருவத்திலேயே யான் பலமுறை சென்றிருந்தேன். அவரை ஒருமுறையேனும் அழைத்துச் செல்ல எனக்குத் தோன்றவில்லை.

மறுநாட் காலையே சென்றோம். உடவத்தகெலை என வழங்கும் அக்காடு, கண்டி மன்னர்களின் அரண்மனைக்குப் பின்புறத்துக் காப்புக்காடாக இருந்தது. 1938இல் சரணாலயமாக்கப்பட்டது. நகரின் நடுவே 104 ஹெக்டேயர் பரப்பில் இன்றும் அஃது இருக்கின்றமை நமது பேறேயாம். யானையின் துதிக்கையினும் பருத்த கொடிகள் மரத்துக்கு மரம் தாவிக் கிடக்கும். ஆங்கிலேய தேசாதிபதி ஒருவரின் மனைவியார் பெயரால் 'ஹோர்ட்டன் சீமாட்டி பாதை' எனப்படும் நடைபாதை அதனுள்ளே வளைந்து செல்கின்றது. அரைமணி நேரத்தில் யான் களைத்து அமர்ந்தேன், அவர் களைக்கவில்லை. தம் தாயாரிடம் அறிந்த மூலிகைகளை இனங்கண்டு ஒவ்வொன்றாகப் பெயர் கூறினார். முப்பத்துமூன்று ஆண்டுகள் உடன் வாழ்ந்தும் அவருக்கு இத்தனை செடிகள் தெரியும் என்பதை யான் அன்றுதான் அறிந்தேன். முதிய தம்பதியர் ஒன்றாக வெளியே செல்லவேண்டும் என்பதற்கு யான் கூறும் முதற்காரணம் இதுவே. வீட்டினுள் நாம் ஒருவரையொருவர் வேலையால் அறிகின்றோம். வெளியேதான் ஆளாக அறிகின்றோம்.

பேரப்பிள்ளைகள் வரத்தொடங்கிய பின் இந்நடைகளுக்கு வேறொரு பயன் உண்டாயிற்று. வீட்டில் அவர்களை இருத்தி, "அந்தக் காலத்திலே" என்று தொடங்கினால், கண்கள் கைத்தொலைபேசிக்குச் சென்றுவிடும். நடக்கும்போதோ அவர்களே வினவுவர். கண்டி வாவியைச் சுற்றி நடந்தால், "இதை வெட்டியது யார்?" என்ற கேள்வி எழும். கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராசசிங்கன் 1807இல் தொடங்கிய வேலை அது. தென்னிந்திய நாயக்கர் மரபில் வந்து, கண்ணுசாமி என்னும் இயற்பெயர் கொண்டிருந்த அம்மன்னன், 1815இல் ஆங்கிலேயர் கைப்பட்டு வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான். "அவருடைய பேரப்பிள்ளைகள் இங்கே திரும்பி வந்தார்களா?" என்று என் பேத்தி வினவினாள். வரலாறு கற்பித்த எனக்கு அவ்வினா ஒருநாளும் தோன்றியதில்லை. புலம்பெயர்ந்த பிள்ளையொன்றுக்கே அது தோன்றும்.

பேராதனைப் பூங்காவிலும் அவ்வாறே. மகாவலி கங்கை மூன்று பக்கமும் வளைந்தோடும் ஏறக்குறைய 147 ஏக்கர் நிலம் அது. பிள்ளைகள் முதலிற் பார்க்க விரும்புவது, பெரும்புற்றரையில் குடைபோற் கிளை பரப்பி நிற்கும் சாவகத்து அத்திமரத்தை. என் துணைவியார் நிற்பது பனைகள் வரிசையாக நிற்குமிடத்தில். மலைநாட்டு மழையில் நனைந்து நிற்கும் அப்பனைகளைப் பார்த்து, "இதுகளும் எங்களைப்போல இடம்மாறி வந்ததுகள்" என்பார். எனக்கு உவந்தது சீசெல்சுத் தீவினின்றும் கொணரப்பட்ட இரட்டைத் தேங்காய் மரம். அதன் காயொன்று முதிர ஆறேழு ஆண்டுகள் செல்லும். ஒருமுறை பார்த்த இளங்காயை அடுத்தடுத்த விடுமுறைகளிலும் வந்து பார்ப்பது எம் பேரப்பிள்ளைகளின் வழக்கமாயிற்று. பொறுமையைப்பற்றி யான் வகுப்பில் ஆற்றிய விரிவுரைகள் எல்லாம் அக்காய்க்கு ஈடாகா.

துன்ப நினைவுகளும் நடையிலேதான் வாய்திறக்கின்றன. எமது தெருவில் ஒரு வீடுண்டு. 1983 ஆடி மாதத்தில், அவ்வீட்டுச் சிங்களக் குடும்பத்தார் எம்மையும் எம் ஆறு வயது மகளையும் தம் பின்னறையில் நான்கு நாட்கள் மறைத்துக் காத்தனர். இதனை எம் மகள் தன் பிள்ளைகளிடம் கூறியதில்லை. ஒருநாள் அவ்வீட்டைக் கடக்கையில், வாயிலில் நின்ற மூதாட்டி என் துணைவியாரின் கையைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் பேசினார். "அவர் யார்?" என்று கேட்ட பேத்திக்கு அன்றைய நடை முழுதும் விடையாயிற்று. தாயார் ஏன் இந்நாட்டை விட்டுப் போனார், பாட்டனும் பாட்டியும் ஏன் போகவில்லை என்னும் இரண்டையும் ஒருசேர அறியாத பிள்ளைக்குக் குடும்ப வரலாறு பாதியே தெரியும்.

திகனைக்கு அப்பால், விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையிற் பிள்ளைகளோடு நின்றபோது இக்கருத்து மேலும் வலுத்தது. 1985இல் அணை திறக்கப்பட்டபோது பழைய தெல்தெனியா நகரம் நீரில் மூழ்கியது. கடுங்கோடையில் நீர் வற்றினால் அந்நகரின் பழைய கட்டடங்களின் எச்சங்கள் வெளியே தெரியும். சென்று நின்று பார்ப்பவனுக்கே அவை தெரியும். முதியோர் நெஞ்சிற் கிடப்பவையும் இத்தகையனவே.

இனி, எனது குறையொன்றைக் கூறுதல் வேண்டும். 2017 ஆகஸ்டில், கனடாவினின்றும் வந்திருந்த ஒன்பது வயதுப் பேத்தியோடு யாமிருவரும் ஹந்தானை மலை ஏறினோம். 1925இல் கட்டப்பட்டு, இப்போது தேயிலை அரும்பொருட்சாலையாக விளங்கும் பழைய தொழிற்சாலையைப் பார்த்துவிட்டு மேலே நடந்தோம். நண்பகலுக்குப் பின் வானம் கறுத்தது. திரும்புவோம் என்று என் துணைவியார் இருமுறை கூறினார். மாணவப் பருவத்திற் பலமுறை ஏறிய மலை என்ற செருக்கில் யான் கேளாது நடந்தேன். கால்மணி நேரத்தில் மூடுபனி இறங்கி, நீட்டிய கை தெரியாதவாறு சூழ்ந்துகொண்டது. பாதை தவறியது. மழை தூறத் தொடங்கியது. பேத்தியின் காலில் அட்டைகள் ஏறின. அவள் அழவில்லை, ஆயின் அவள் கை நடுங்கியதை யான் உணர்ந்தேன். அந்நடுக்கம் இன்றும் என் உள்ளங்கையில் இருக்கின்றது.

என் துணைவியார் எம்மை ஓரிடத்திலே நிற்கச் செய்து குரல் கொடுத்தார். சிறிது நேரத்தில், தலையிற் சாக்கு மடித்திட்ட ஓர் அம்மையார் பனியினூடே தோன்றினார். கொழுந்து பறித்து முடித்துக் கீழே இறங்குபவர். வயது அறுபதிருக்கும். "பயப்படாதீங்க ஐயா, என் பின்னாலேயே வாங்க" என்று கூறி, அட்டைகளைத் தம் விரலால் நீக்கி, பிள்ளையின் கையைத் தாமே பிடித்துக்கொண்டு, எமக்குத் தோன்றாத ஒற்றையடிப் பாதையால் ஒரு மணி நேரத்தில் லயத்தடிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அங்கே எமக்குச் சாயத்தேநீர் தந்தார்.

பேத்தி அவருக்கு ஏதோ சொல்ல விரும்பினாள். சொல்லத் தமிழ் இல்லை. தன் பாட்டியின் காதில் ஆங்கிலத்திற் கேட்டு, 'நன்றி' என்னும் சொல்லை அப்போதுதான் கற்று, இருமுறை தடுமாறிக் கூறினாள். அவ்வம்மையார் சிரித்து அவள் தலையைத் தடவினார். தமிழ் கற்பித்து ஊதியம் பெற்ற இருவரின் பேத்திக்கு அச்சொல் ஒன்பது வயதில் ஒரு மலையடிவாரத்திற் கிடைத்தது. தொலைபேசியிற் பேசும்போது அவளுக்கு விளங்கட்டும் என்று ஆங்கிலத்திற் பேசிப் பழகியவர்கள் யாமே. பிழை அவளுடையதன்று.

தேநீர் அருந்துகையில் அவ்வம்மையார் தம் கதையைச் சொன்னார். அவருடைய தாய், தந்தை, தம்பியர் யாவரும் எழுபதுகளில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். இலங்கைக் குடியுரிமை பெற்ற குடும்பத்தில் மணமுடித்தமையால் இவர் மாத்திரம் இங்கு தங்கினார். "எம் புள்ளைங்க தாத்தா பாட்டி மொகத்தப் பார்த்ததே இல்லீங்க" என்றார். 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியதும், 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டதும், எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டதும் யான் வகுப்பிற் கற்பித்த செய்திகளே. நாடற்று எஞ்சியோர்க்கு 2003இலேயே சட்டத்தால் விடிவு பிறந்தது. இவற்றை எண்களாகக் கற்பித்தேன். ஒவ்வோர் எண்ணிலும் ஒரு பாட்டனும் பேரனும் பிரிக்கப்பட்டனர் என்பதை அந்த லயத்து வாயிலிலே கற்றேன்.

வெறும் உவகைக்காக மலையேறுதல் வசதியுள்ளோர்க்கே உரியது என்பாருமுளர். உண்மையே. நாம் ஏறி மகிழும் மலை அவ்வம்மையாருக்கு நாட்சம்பளத்துக்குரிய வேலைத்தலம். அந்த உண்மையைப் பேரப்பிள்ளை அறிவதற்கும் மலைக்குச் செல்லுதலே வழியாம். விடுதிச் சாளரத்தினின்றும் பார்த்தால் தேயிலைத் தோட்டம் பச்சைக் கம்பளமாகவே தோன்றும்.

ஆபத்துண்டே என்பது மற்றொரு தடை. இதுவும் உண்மையே. 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின் மழையால் மலைகள் சரிந்து, கண்டி மாவட்டம் பெருந்துயர் எய்தியது. மலை எழில்மிக்க படம் மாத்திரமன்று. மண்ணும் நீரும் கொண்ட உயிர்ப்பொருள் என்பதை யாவரும் கண்டோம். ஆயின் அச்சத்தாற் கதவடைத்தல் அறிவாகாது. எந்தச் சரிவில் நீர் கசிகின்றது, எந்த ஓடை நிறம் மாறுகின்றது, எப்போது திரும்பவேண்டும் என்பவற்றை மலையோடு பழகியவனே அறிவான். யான் பெற்ற பாடத்தையும் கூறிவிடுகின்றேன்: காலையிற் புறப்படுக, நண்பகலுக்கு முன் இறங்குக, இடம் அறிந்த ஒருவரை உடன் கொள்க, மழைக்காலத்திற் செல்லாதொழிக, மனைவி திரும்புவோம் என்றால் திரும்புக.

முழங்கால் நோவும் கைப்பணமும் இடந்தரா என்பார்க்கு ஒரு செய்தி. கேரளத்துக் கொச்சியிற் சிறு தேநீர்க்கடை நடத்திய விஜயன், மோகனா என்னும் தம்பதியர், நாள்தோறும் சிறுதொகை சேமித்தும் கடன்பட்டு அடைத்தும் 25க்கு மேற்பட்ட நாடுகளைக் கண்டனர். 2021 ஒக்டோபரில் இருவரும் இரசியா சென்று மீண்டனர். அடுத்த மாதமே விஜயன் காலமானார். நாம் உலகைச் சுற்றவேண்டுவதில்லை. உடவத்தகெலைக்கு நம் வீட்டிலிருந்து அரைமணி நடை. ஆண்டவன் நாளை எத்தனை தருவான் என்பதை யாரும் அறியோம். இன்றைய காலைப்பொழுது கையில் இருக்கின்றது.

அடுத்த விடுமுறையில் வந்த பேத்தி, பெருங்கடை எதனையும் கேளாது, 'பனிப் பாட்டி' வீட்டுக்குப் போகவேண்டும் என்றாள். சென்றோம். அவளது தமிழ் இன்றும் கொச்சையே. ஆயினும் பேச அஞ்சுவதில்லை. என் துணைவியாருக்கும் எனக்கும் இப்போது எழுபது கடந்து பல ஆண்டுகள். ஹந்தானையின் அடிவாரத்தோடு நின்றுவிடுகின்றோம். அவள் ஏறிச்சென்று, கீழே நிற்கும் எமக்குக் கையசைப்பாள்.

பழைய மாணவர் சங்கத்தினர்க்கு ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கின்றேன். விருந்தும் பொன்னாடையும் ஆண்டுதோறும் நிகழ்கின்றன, நிகழட்டும். அவற்றோடு ஆண்டில் ஒருநாள், இளைப்பாறிய ஆசிரியரும் பழைய மாணவரும் தத்தம் துணைவியரோடும் பேரப்பிள்ளைகளோடும், இன்றைய மாணவரையும் கூட்டிக்கொண்டு, மலையகத்தில் ஓரிடத்துக்கு நடந்து செல்ல ஒழுங்கு செய்வார்களாக. அந்நடையில் தமிழே பேசப்படுவதாக. அப்பகுதித் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளையும் அவர்தம் பாட்டன் பாட்டியரையும் உடன் அழைப்பார்களாக. வழிகாட்டத் தகுந்தவர் அவர்களே.

இளைப்பாறியோரே, இளைப்பு ஆறிற்றன்றோ? எழுந்திருமின். பிள்ளைகள் வாயிலில் நிற்கின்றனர்.